புதுப்பிப்பு: அண்ணன் மகன் இப்போது எப்படி இருக்கிறான்

கத்திக்குத்துக்கு ஆளான என் அண்ணன் மகன் தூங்குவதே இல்லை, பள்ளி என்றாலே நடுங்குகிறான் என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் விசாரித்தீர்கள், நன்றி.

காயம் ஆறிவிட்டது. ஒரு மாதம் தாண்டியும் பயம் குறையாததால் குழந்தைகள் மனநல நிபுணரிடம் அழைத்துப் போனோம். மன அதிர்ச்சிக்கான பேச்சு சிகிச்சை நடக்கிறது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். முதலில் மூச்சுப் பயிற்சியும் தூக்கமும்தான். நடந்ததைப் பேச வைப்பது பிறகு, அதுவும் அவன் போக்கில். அண்ணனுக்கும் அண்ணிக்கும் தனி அமர்வு உண்டு.

வருகிறவர்கள் "என்னப்பா நடந்துச்சு, சொல்லு" என்று கிளறுவதை அடியோடு நிறுத்தினோம். அதிலேயே பாதி நிம்மதி வந்துவிட்டது அவனுக்கு. இன்னமும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருகிறான். உட்காரட்டும்! வகுப்பிலும் அப்படி ஓர் இடம் கேட்டிருக்கிறோம். திங்கள் முதல் அரைநாள் பள்ளி.