எக்செல்லில் முதல் முதலீட்டை எங்கே போடுவது? பொறியியல் பொருளாதாரம் நடத்துபவர்கள் பதில் சொல்லுங்கள்

காவிரிக்கரை:
"எக்செல் வந்த பிறகு வட்டி அட்டவணையை வைத்துக்கொண்டு பொறியியல் பொருளாதாரம் நடத்துவது வீண். என்பிவி சூத்திரத்தைக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம்" என்று பழைய லேத் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஒரு இயந்திரம் 1,00,000 ரூபாய். ஆண்டுக்கு 30,000 வரவு, 5 ஆண்டு, வட்டி 10 சதவீதம். நிகர நிகழ்கால மதிப்பு (என்பிவி), அதாவது வருங்கால வரவுகளை வட்டிக்கேற்ப இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டி முதலீட்டைக் கழித்தது, 13,724. மாணவர்கள் முதலீட்டையும் சேர்த்து ஆறு எண்களையும் அடைப்புக்குள் போடுகிறார்கள். எக்செல் 12,476 என்று காட்டுகிறது. முதல் எண் முதலாம் ஆண்டு முடிவில் வருவதாக அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்ளும். இன்று கொடுக்கும் பணத்தை வெளியே வைத்துத்தான் கழிக்க வேண்டும். வட்டிக் காரணிகளைத் தரும் அந்த அட்டவணையில் கை வைத்துக் கணக்குப் போட்டவன் இதில் தவற மாட்டான்.

பழைய லேத்:
ஐயா, 12,476 என்பது 13,724-ஐ 1.1 ஆல் வகுத்தது, அவ்வளவுதான். நேர்க்குறி எதிர்க்குறி ஆகாது. இயந்திரம் வாங்கலாமா என்று கேட்டால் இரண்டிலும் பதில் "வாங்கலாம்". பட்டறையில் முடிவுதான் கேட்பார்கள், தசமப் புள்ளி கேட்க மாட்டார்கள்.

காவிரிக்கரை:
ஒரே இயந்திரம் என்றால் சரி. பக்கத்தில் இன்னொரு இயந்திரம், அதன் சரியான மதிப்பு 13,000 என்று வையுங்கள். ஒரு மாணவன் அதை அட்டவணையில் போட்டான், இன்னொருவன் முதல் இயந்திரத்தை உங்கள் வழியில் எக்செல்லில் போட்டான். இப்போது 12,476 தோற்கிறது. தவறான இயந்திரத்தை வாங்குகிறீர்கள். உங்கள் பட்டறையில் இதற்கு என்ன பெயர்?

பழைய லேத்:
இரண்டையும் ஒரே ஆள் ஒரே மாதிரி போட்டால் வரிசை மாறாது. அதையும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் 1.1 பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். இந்தப் பாடத்தை முதலில் வணிகவியல் துறையிடம் கொடுங்கள். பாடநூல்களில் இன்னும் ஆண்டிலக்கக் கூட்டல் முறையில் (ஆண்டு எண்களைக் கூட்டி அந்த விகிதத்தில் பிரிப்பது) தேய்மானம், அதாவது இயந்திரத்தின் மதிப்புக் குறைவு, போடச் சொல்கிறார்கள். இந்தியாவில் வருமான வரிக்குப் பொதுவான இயந்திரங்களுக்கு 15 சதவீதம், குறைந்து வரும் மதிப்பு முறை, அதாவது ஒவ்வோர் ஆண்டும் மீதமுள்ள மதிப்பில் கணக்கிடுவது. அதை எந்தப் பொறியியல் வகுப்பு நடத்துகிறது?

காவிரிக்கரை:
தேய்மானம் பணப்பாய்வு இல்லை, கையில் பணம் வருவதோ போவதோ இல்லை; அதனால் மாறும் வரி மட்டும்தான் பணப்பாய்வு. போன தடவை விவாதத்திலும் இதே இடத்தில் நீங்கள் பாதியில் போய்விட்டீர்கள். இப்போது கேள்வி ஆண்டு பூஜ்யம், அதாவது முதலீட்டைக் கொடுக்கும் இன்றைய நாள். பழைய லேத் பதில் சொல்லட்டும். ஆண்டுச் சமமதிப்பு, அதாவது இன்றைய தொகையை ஆண்டுதோறும் சமமான தொகையாக மாற்றியது, எடுத்துப் பாருங்கள். 1,00,000-ஐ 10 சதவீதம், 5 ஆண்டுக்கான அட்டவணைக் காரணி 0.2638 ஆல் பெருக்கினால் 26,380. 30,000-இல் கழித்தால் 3,620. உங்கள் 12,476-ஐ அதே 0.2638 ஆல் பெருக்கினால் 3,291. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு விடை. மாணவன் எதை நம்புவான்?

கணக்குப்பிள்ளை:
பாதியில் போகவில்லை. நீங்கள் பதில் சொல்லாமல் கேள்வியை மாற்றினீர்கள்.

கடைசி பெஞ்ச்:
சார், எங்களுக்குத் தேர்வில் கணினி கிடையாது. அட்டவணை கொடுக்கிறார்கள். கால்குலேட்டரில் 1.1-ஐ ஐந்து முறை பெருக்கிக்கொண்டால் அதுவும் வேண்டாம். ஆனால் ஆண்டு முடிவு, ஆண்டுத் தொடக்கம் என்று யாரும் கோடு போட்டுக் காட்டுவதில்லை. பணப்பாய்வுப் படம் ஒன்றை முதல் வகுப்பிலேயே வரையச் சொன்னால் எங்களுக்குப் போதும்.

பழைய லேத்:
தம்பி சொல்வது சரி. படம் போடச் சொல்லுங்கள், அட்டவணை எதற்கு? எக்செல்லுக்கு முந்தைய கணக்குத்தாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3 காலத்திலிருந்து இந்தச் சூத்திரம் இப்படித்தான். நாங்கள் அதைத் தெரிந்துகொண்டே வேலை பார்த்தோம், ஒரு பட்டறையும் மூடவில்லை.

காவிரிக்கரை:
தெரிந்துகொண்டு வேலை பார்த்தீர்கள், சரி. தெரியாதவனுக்குத்தான் பாடம் நடத்துகிறோம். "சூத்திரத்தைக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம்" என்று எழுதியது நீங்கள். நான்கு ஆண்டு படித்துவிட்டு ஒரு இளைஞன் வேலைக்குப் போகிறான். அவன் கையில் கொடுக்கும் முதல் கேள்வியே புது இயந்திரம் வாங்கலாமா, பழையதை ஓட்டலாமா என்பதாக இருக்கும். இன்றைய பணத்தை ஓராண்டு தள்ளி வைத்து எண்ணக் கூடாது என்று அவனுக்கு எலும்பில் ஏற வேண்டும். அதற்கு அட்டவணையில் கை போக வேண்டும், பிஹெச்டி தேவையில்லை.

கணக்குப்பிள்ளை:
பிஹெச்டியை யார் கேட்டார்கள்? பொறியாளர்கள் என்றாலே எதற்கும் பட்டத்தை இழுத்துவிடுகிறீர்கள்.

காவிரிக்கரை:
பட்டத்தை விடுங்கள். விடைத்தாளில் 12,476 என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண் உண்டா, இல்லையா? ஒரு வரியில் சொல்லுங்கள், பழைய லேத்.

பழைய லேத்:
"வாங்கலாம்" என்று முடிவும் எழுதியிருந்தால் உண்டு.

காவிரிக்கரை:
என் வகுப்பில் கிடையாது. நாளைக்கும் கிடையாது.