வானுக்குள்ளை இன்வெர்ட்டர் சூடேறி நிக்குது, உதவுங்கோ

வணக்கம் உறவுகளே. இடம் ஒட்டுசுட்டான். பழைய டொல்பின் வானைப் படுத்துப் பயணம் போற மாதிரி மாத்தி வைச்சிருக்கிறன். பின்பக்கக் கட்டிலுக்குக் கீழை பிளைவுட் அலுமாரி. அதுக்குள்ளைதான் 1000 வாட்ஸ் இன்வெர்ட்டர் (பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்துறது), 30 அம்பியர் சோலார் கொன்ட்ரோலர் (சோலாராலை பற்றரி சார்ஜ் ஆகிறதைக் கட்டுப்படுத்துறது), 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரி எல்லாம். பக்கத்துத் தட்டிலை இன்வெர்ட்டரிலை ஓடுற சின்ன ஃபிரிட்ஜ். அதிலை அப்பான்ரை இன்சுலின் இருக்கு, அதுதான் பெரிய கவலை.

சித்திரையிலை இருந்து பிரச்சினை. மத்தியானம் 12 மணி தாண்டி முக்கால் மணித்தியாலத்திலை இன்வெர்ட்டர் கீச்சிட்டுக் கத்தி நிண்டுடும். திறந்து பார்த்தால் இன்வெர்ட்டரின்ரை சூடு போற அலுமினியச் செட்டையிலை கை வைக்கேலாது. உள்ளுக்கை வெப்பமானி 58 பாகை காட்டினது. இரவிலை ஒரு பிரச்சினையும் இல்லை.

கம்பியூட்டர் ஃபேன் ஒண்டு உள்ளுக்கை பூட்டினன். அது அதே சூட்டுக் காத்தைத்தான் சுத்தி அடிக்குது. கேபிளைத் தடிப்பானதா மாத்தி, முனையெல்லாம் இறுக்கிப் பார்த்தாச்சு. கதவைத் திறந்து வைச்சால் நிக்காமல் ஓடும், ஆனால் பிள்ளையள் கை வைச்சிடுவினம். அடியிலை ஓட்டை போட்டன். சோளகக் காத்துக்குக் கிரவல் ரோட்டாலை ஒருக்கா மாங்குளம் போய் வர, செம்புழுதி இன்வெர்ட்டர் ஃபேனுக்குள்ளை அப்பிப்போச்சு. உடனை அடைச்சிட்டன். லித்தியம் பற்றரியை இந்தச் சூட்டிலை சார்ஜ் பண்ணுறதும் நல்லதில்லை.

இப்பிடி வான் வைச்சிருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ: புழுதி வராமல் சூடு மட்டும் வெளியேற, காத்து உள்ளை வர எங்கை வெட்டவேணும், வெளியை போக எங்கை வெட்டவேணும்?