ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன செமஸ்டர் குழு ப்ராஜெக்டுக்கு நான்தான் லீடர். கடைசி வாரம் வரை எல்லாரும் "முடியப் போகுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், பார்த்தால் பாதி பாகங்கள் வந்தே சேரவில்லை. ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான பிஎம்பி சான்றிதழுக்கு இப்போதே படிக்கலாமா?

பதில் 1:
இப்போது எழுத விட மாட்டார்கள். பட்டம் முடித்தவர்களிடமே 36 மாத அனுபவம் கேட்கிறார்கள். பிஎம்பியை நடத்தும் அதே பிஎம்ஐ அமைப்பின் தொடக்கநிலைத் தேர்வான கேப்எம்முக்கு அனுபவம் வேண்டாம், 23 மணி நேரப் பயிற்சி போதும்.

பதில் 2:
சான்றிதழ் அப்புறம். முதலில் கிரிட்டிக்கல் பாத் படியுங்கள், எந்த வேலைகள் தள்ளினால் மொத்த ப்ராஜெக்டும் தள்ளும் என்று கண்டுபிடிக்கும் முறை, 1950களின் இறுதியில் வந்ததுதான். வடிவமைப்பு 5 நாள், அதன்பின் பாகங்கள் வர 14 நாள், அதே சமயத்தில் ப்ரோக்ராம் எழுத 10 நாள், கடைசியில் பொருத்த 4 நாள் என்றால் மொத்தம் 23. ப்ரோக்ராம் 4 நாள் தாமதமானாலும் ஒன்றும் ஆகாது, பாகங்கள் ஒரு நாள் தள்ளினால் எல்லாமே தள்ளும். அப்படியிருக்க, நாம் துரத்துவதென்னவோ ப்ரோக்ராம் எழுதுகிறவரைத்தான்! பேப்பரும் பேனாவும் போதும் (நான் சாஃப்ட்வேர் தேடியே ஒரு வாரம் வீணாக்கினேன்).

பதில் 3:
"முடியப் போகுது", "90 சதவீதம் ஆச்சு" எல்லாம் ஒரே ரகம். வேலையை இரண்டு மூன்று நாள் துண்டுகளாக உடைத்து, முடிந்ததா இல்லையா என்று மட்டும் கேளுங்கள்.

கேட்டவர்:
சரி, ஆனால் கூடப் படிப்பவர்களிடம் இப்படிக் கேட்டால் கோபப்பட மாட்டார்களா?

பதில் 3:
முடிக்க வேண்டிய தேதியை நீங்கள் குறிக்காதீர்கள், அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள்.