ஓரத்தில் விளக்கு சுழல நிற்கும் வண்டி: வேகம் குறைப்பது பாதுகாப்பா, புது ஆபத்தா?

நான்காம்கியர்:
நெடுஞ்சாலை ஓரத்தில் ஆம்புலன்ஸோ, போலீஸ் வண்டியோ, பழுதான வண்டியை ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியோ விளக்கு சுழல நின்றால், அதை ஒட்டிய லேனை விட்டு அடுத்த லேனுக்குப் போக வேண்டும், அல்லது வேகத்தை நன்றாகக் குறைக்க வேண்டும். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இதற்குச் சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பல மாநிலங்கள் எவ்வளவு குறைக்க வேண்டும் என்றே எண் போட்டுச் சொல்கின்றன. விக்டோரியாவில் 40 கி.மீ., தெற்கு ஆஸ்திரேலியாவில் 25.

நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. வழியில்தான் சண்டை. எல்லோரும் 100-இல் போகும் சாலையில் ஒருவர் சட்டத்துக்குப் பயந்து 40-க்கு இறங்கினால், பின்னால் வரும் லாரி என்ன செய்யும்? ஓரத்தில் இருப்பவரைக் காப்பாற்றப் போய் நடுச்சாலையில் இன்னொரு மோதலை உண்டாக்குகிறோம். நியூ சவுத் வேல்ஸ் 2018 செப்டம்பரில் எல்லாச் சாலைக்கும் 40 என்று வைத்தது. ஒரே வருடத்தில், 2019 செப்டம்பரில், மாற்றியும்விட்டது. வரம்பு 80 வரை உள்ள சாலைகளில் 40 அப்படியே இருக்கிறது. 90-உம் அதற்கு மேலும் உள்ள சாலைகளில் ‘பாதுகாப்பான அளவுக்குக் குறைத்து, இடம் விட்டுப் போ’ என்றாகிவிட்டது. நான் சொல்வதை ஓர் அரசே ஒப்புக்கொண்டது என்றுதான் இதைப் பார்க்கிறேன்.

மீட்புவண்டி:
நான் ரெக்கவரி வண்டி ஓட்டுபவன். தம்பி, 2019 மாற்றத்தில் பாதியைத்தான் சொன்னீர்கள். அதே திருத்தத்தில்தான் எங்களைப் போல மஞ்சள் விளக்கு போட்ட டோ வண்டிகளையும், பழுது பார்க்க வரும் வண்டிகளையும் அந்த விதிக்குள் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் நாங்கள் கணக்கிலேயே இல்லை.

எங்கள் வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். நின்றுபோன காரை வண்டியில் ஏற்றியாயிற்று. இனி நாலு சக்கரத்துக்கும் பெல்ட் போட வேண்டும். இரண்டு சக்கரம் சாலைப் பக்கம் இருக்கும். அங்கே மண்டியிட்டு, ஒரு கையால் கொக்கியைப் பிடித்து, இன்னொரு கையால் பெல்ட்டை முறுக்கும் ராட்செட்டை இறுக்குவேன். முகம் சக்கரத்தைப் பார்த்திருக்கும், முதுகு சாலையைப் பார்த்திருக்கும். லாரி ஒன்று ஒட்டிப் போனால் முதலில் காற்று வெளியே தள்ளும், உடனே உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில் ஒரு கால் பெயர்ந்தால் போதும், நான் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பேன். கடந்து போகிறவருக்கு ஒரு நொடி வேலை இது. எனக்குக் காலையிலிருந்து இரவு வரை இதுதான்.

தாரணி:
இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் 1994-இல் ஒரு விபத்து இடத்தில் உதவி செய்துகொண்டிருந்த மருத்துவ உதவியாளரை ஒரு வாகனம் மோதியது. விசாரணை அறிக்கையில் தவறு அவர் மீதே எழுதப்பட்டது. வேலை செய்துகொண்டிருந்தவரைக் காக்க அப்போது ஒரு விதியும் இல்லை. அவர் விடாமல் முயன்றுதான் 1996-இல் அங்கே முதல் சட்டம் வந்தது. மற்ற மாநிலங்கள் அதன் பிறகே ஒவ்வொன்றாக வந்தன.

‘நடுச்சாலையில் மோதல் வரும்’ என்பதில் உண்மை இருக்கலாம். ஆனால் காருக்குள் இருப்பவருக்கு பெல்ட் இருக்கிறது, ஏர்பேக் இருக்கிறது, சுற்றிலும் இரும்பு இருக்கிறது. ஓரத்தில் நிற்பவர் உடம்பில் ஒரு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்தான். இரண்டு ஆபத்தையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

கதிர்_கணக்கு:
இரண்டு பக்கமும் ‘திடீரென’ என்ற சொல்லை வைத்தே பேசுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறோம். கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்றால் அதற்குள் 42 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் முழு பிரேக் பிடித்தால் இன்னும் சுமார் 55 மீட்டர். ஆக, நிற்பதற்கு நூறு மீட்டர் வேண்டும். 40-இல் இதே கணக்குக்கு 25 மீட்டர் சுற்றி வரும். ஓரத்து ஆள் தடுமாறிக் கோட்டைத் தாண்டினால், இந்த வித்தியாசம்தான் அவர் உயிர்.

இப்போது ‘திடீர்’ விஷயம். நேரான சாலையில் சுழல்விளக்கு 400 மீட்டர் தள்ளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர 14 நொடி இருக்கிறது. 100-இலிருந்து 40-க்கு இறங்க 10 நொடி எடுத்துக்கொண்டால், ஆக்சிலேட்டரை விட்டு பிரேக்கை லேசாகத் தொட்டாலே போதும். அதற்கு 200 மீட்டருக்குள்தான் ஆகும். பின்னால் வருபவருக்கு அதிர்ச்சியே இல்லை. விளக்கைப் பார்த்தும் கடைசி 80 மீட்டர் வரை எதுவும் செய்யாமல் வந்தவர்தான் திடீர் பிரேக் அடிக்கிறார். அதற்குச் சட்டத்தைக் குறை சொல்லக் கூடாது.

ஆனால் வளைவு, மேட்டுக்கு அந்தப் பக்கம், மூடுபனி என்றால் நான்காம்கியர் சொல்வது சரி. 100 மீட்டரில்தான் தெரிகிறது என்றால் மூன்றரை நொடிதான் இருக்கிறது. அதற்குள் 40-க்கு இறங்குவது முழு பிரேக்தான்.

நான்காம்கியர்:
கதிர், கடைசியில் சொன்னதுதான் என் வாதமே. வண்டி பழுதாகிறவர் நேரான இடம் பார்த்துப் பழுதாவதில்லை. இன்னொன்று: 14 நொடி முன்னாலேயே எல்லோரும் கவனிப்பார்கள் என்று நம்பித்தானே இந்தச் சட்டம் நிற்கிறது? போனைப் பார்க்கிறவர் 2 நொடி தலை குனிந்தால் 55 மீட்டர் போய்விடுகிறது. ஒருவரின் உயிரை இன்னொருவரின் கவனத்தில் கட்டித் தொங்கவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. பணியாளருக்குப் பின்னால் மோதலைத் தாங்கும் மெத்தை பொருத்திய லாரியை நிறுத்துங்கள். தீயணைப்பு வண்டியைச் சாய்வாக நிறுத்தி லேனை மறியுங்கள். ஓட்டுநர் தவறு செய்தாலும் ஆள் பிழைக்க வேண்டும். சட்டம் போட்டுவிட்டு அதையெல்லாம் மறந்துவிடுகிறார்கள் என்பதே என் கோபம்.

இரவுச்சாரதி:
சரக்கு லாரி ஓட்டுகிறேன், பெரும்பாலும் இரவில். லாரிக்காரன் நகர மாட்டான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். எங்களுக்கு சீட் உயரம். காரில் இருப்பவரைவிட முன்னாலேயே விளக்கு தெரிந்துவிடும். கண்ணாடி பார்த்து இண்டிகேட்டர் போடுவேன். உடனே அடுத்த லேனில் பின்னால் வரும் கார் வேகத்தைக் கூட்டி அந்த இடைவெளியை அடைக்கும். அதற்குப் பின்னால் இன்னொன்று. முழு லோடுடன் நான் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. கடைசியில் ஓரத்து ஆளை ஒட்டியே போக வேண்டி வருகிறது. அந்தக் காரை ஓட்டியவருக்குத் தான் செய்தது என்னவென்றே தெரியாது.

விலகும் கடமை ஒட்டிய லேனில் இருப்பவருக்கு மட்டும் இல்லை. அவருக்கு இடம் விடும் கடமை அடுத்த லேன்காரருக்கும் இருக்கிறது. இதைப் பேசுபவர்கள் குறைவு.

இன்னொரு விஷயம், விளக்கு. இருட்டில் நாலைந்து வண்டி நின்று எல்லாம் பளீர் பளீரென்று அடித்தால், அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நடக்கும் ஆள் எனக்குத் தெரியவே மாட்டார். கண் விளக்கையே பார்க்கும், கை அந்தப் பக்கமே இழுக்கும். பழைய ஓட்டுநர்கள் எனக்குச் சொன்னது: விளக்கைப் பார்க்காதே, நீ போக வேண்டிய இடைவெளியைப் பார்.

தாரணி:
விளக்கு பற்றிச் சொன்னது முக்கியம் அண்ணா. அமெரிக்காவில் தீயணைப்பு வண்டி சாலையை மறித்து நின்றவுடன் வெள்ளை விளக்குகள் அணைந்துவிடும்படி வைத்திருப்பார்கள். வெள்ளை என்பது ஓடும்போது வழி விடச் சொல்லத்தான். நின்ற பிறகு அது எதிரில் வருபவரின் கண்ணைக் கூச வைக்கிறது, வேறு பயன் இல்லை.

மீட்புவண்டி:
இரவுச்சாரதி, இடம் விடும் விஷயத்தைச் சொன்னதற்கு நன்றி. நான் எழுத நினைத்து விட்டுப்போனது.

நான்காம்கியர் தம்பி, மெத்தை லாரி வேண்டும் என்பதில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் அது முன்கூட்டியே திட்டம் போட்ட வேலைக்கு வரும். தார் போடுவதற்கு வரும், பாலம் பழுது பார்க்க வரும். டயர் வெடித்து நிற்கும் குடும்பத்துக்கு வராது. அங்கே முதலில் போய்ச் சேர்வது நானோ ஓர் ஆம்புலன்ஸோதான். சாலையில் எச்சரிக்கைக் கூம்பு, அதாவது கோன், வைக்கும் வேலையையே பாருங்கள். கடைசிக் கோனை வைப்பவருக்கு முன்னால் ஒரு வரிசையே இருக்கும். முதல் கோனை வைப்பவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, எதிரே வரும் வண்டிதான். அந்த நேரத்துக்கு ஓட்டுநரை நம்புவதைவிட வேறு வழி என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

நான்காம்கியர்:
சரி அண்ணா, அந்த முதல் கோன் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே சட்டமே வேண்டாம் என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். ஆனால் எல்லாச் சாலைக்கும் ஒரே எண் என்பதை இன்னும் ஏற்கவில்லை. டெக்சாஸ், ஃபுளோரிடா முறை எனக்கு நியாயமாகப் படுகிறது. லேன் மாற முடியாவிட்டால் சாலை வரம்பிலிருந்து 20 மைல், அதாவது 32 கி.மீ., குறைக்க வேண்டும். 110 சாலையில் 78. பின்னால் வருபவருக்கும் அது தாங்கும்.

கதிர்_கணக்கு:
110-இலிருந்து 78-க்கு இறங்கினால் மோதும் ஆற்றல் பாதியாகிறது. 40-க்கு இறங்கினால் எட்டில் ஒரு பங்குக்கு வந்துவிடும். ஓரத்தில் நிற்கும் மனிதருக்கு அந்தப் பாதியும் உயிரைப் பறிக்கப் போதும்.

மீட்புவண்டி:
78-இல் என் முதுகுக்கு ஒரு மீட்டர் தள்ளி லாரி போனால் அந்தக் காற்று அப்படியேதான் இருக்கும் தம்பி. பக்கத்து லேன் காலியாக இருந்து விலகிப் போகிறவர் 78-இல் போகட்டும், எனக்குக் கவலை இல்லை. விலக முடியாமல் என்னை ஒட்டிப் போகிறவருக்கு 78 அதிகம். இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

நான்காம்கியர்:
அப்படியென்றால் எண்ணைத் தூரத்தோடு சேர்த்து எழுதலாமா? ஒரு முழு லேன் இடைவெளி இருந்தால் வரம்பிலிருந்து குறைப்பது போதும். ஒட்டிப் போக வேண்டியிருந்தால் 40. ஒரே லேன் உள்ள சாலையிலும் 40, எதிரில் வண்டி வந்தால் நின்று வழிவிட்டுப் போவது. கூடவே, ஹசார்டு லைட் போட்டு நிற்கும் சாதாரணக் காருக்கும் இதே விதி.

மீட்புவண்டி:
ஹசார்டு போட்ட காரைச் சேர்த்தது நல்லது. அவர்களிடம் ஜாக்கெட்கூட இருக்காது. இப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போடுவேன். வளைவுக்கு மட்டும் இன்னும் வழி சொல்லவில்லை நீங்கள்.

இரவுச்சாரதி:
வளைவுக்கு நான் சொல்கிறேன். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பக்கத்தில் வைக்காமல், வளைவு தொடங்கும் முன்பே வைக்க வேண்டும். அதைக் கொண்டுபோகிறவர் சாலையில் நடக்காமல் தடுப்புக்கு வெளியே நடக்க வேண்டும், வரும் வண்டிகளைப் பார்த்தபடி. அப்படி நடக்க இடமில்லை என்றால் முக்கோணமே வேண்டாம். எல்லோரையும் இறக்கித் தடுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு, அங்கிருந்து போன் செய்யுங்கள்.