ஒன்ராறியோவில் வழக்குப் பிரிவு வேலை: பரலீகல் உரிமமா, லோ கிளார்க்கா? நிறுவனங்கள் எதைப் பார்க்கின்றன?

கேள்வி – புதுவரவு

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் சில காலம் வேலை செய்துவிட்டுக் கனடாவுக்கு வந்த நான், இப்போது ஸ்காபுறோவில் பரலீகல் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். 120 மணிநேரக் களப்பயிற்சியும் முடியப்போகிறது. சட்டச் சங்கத்தின் உரிமப் பரீட்சையை எழுதுவதா, அல்லது ஒரு நிறுவனத்தின் வழக்குப் பிரிவில் லோ கிளார்க்காகச் சேர்ந்துவிடுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. வேலை விளம்பரங்கள் எல்லாவற்றிலும் "நுணுக்கமான கவனம்", "அழுத்தத்திலும் பணியாற்றும் திறன்" என்று ஒரே வரிகளே வருகின்றன. உண்மையில் எதைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள்? ஊரில் பெற்ற அனுபவத்தைச் சுயவிபரக்கோவையில் எழுதுவதால் பயன் உண்டா?

பதில் – கோப்பறை

தங்கைக்கு வணக்கம். பரலீகல் உரிமம் பெற்றவர் தமது பெயரிலேயே கட்சிக்காரருக்காக முன்னிலையாகலாம். அந்த உரிமை சிறு உரிமைகோரல் நீதிமன்றம், வீட்டு உரிமையாளர்–வாடகையாளர் சபை, உரிம மேன்முறையீட்டு நியாயசபை போன்ற இடங்களோடு நின்றுவிடும். லோ கிளார்க்குக்கு உரிமம் தேவையில்லை. அவர் சட்டத்தரணியின் மேற்பார்வையில் மேல் நீதிமன்றத்தின் பெரிய வழக்குகளிலும் வேலை செய்வார், ஆனால் மன்றில் எழுந்து பேசமாட்டார். பேச விருப்பமா, கோப்பை நடத்த விருப்பமா என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

நான் இருப்பது விபத்துக் காய வழக்குகளை நடத்தும் அலுவலகத்தில். இங்கே வேலையின் உயிர்நாடி திகதிதான். பெப்ரவரியில் ஒரு அம்மா பனியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று மகள் தொலைபேசியில் அழைத்தால், கை முறிந்ததா கால் முறிந்ததா என்பதற்கு முன்பு, எங்கே விழுந்தார், எந்த நாளில் விழுந்தார் என்று கேட்பவரையே நாங்கள் தேடுகிறோம். நகரசபையின் நடைபாதை என்றால் எழுத்துமூல அறிவித்தலை 10 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தனியார் கடையின் வாகனத் தரிப்பிடத்துப் பனி என்றால், 2021 ஜனவரி இறுதியிலிருந்து 60 நாட்கள். வழக்குத் தொடுப்பதற்கான பொதுவான காலவரையறை 2 ஆண்டுகள் என்று மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர், ஒன்பதாம் நாள் வந்த அழைப்பை ஆறுதலாக அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்துவிடுவார்.

அடுத்தது ஆவணம். குடும்ப மருத்துவரின் குறிப்புகள், மருத்துவமனைப் பதிவுகள், ஓஹிப் (ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி) சுருக்கம், வருமானவரி மதிப்பீடுகள், வேலையிடத்துக் கோப்பு ஆகிய அனைத்தையும் கேட்டு எழுதி, வராதவற்றை விடாமல் துரத்தி, வந்தவற்றைத் திகதி வாரியாக அடுக்கிச் சுட்டி போட வேண்டும். வழக்கு ஆவணங்களைப் பட்டியலிடும் ஆவணச் சத்தியக்கடதாசியில், எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டியதென்று அட்டவணை ஏ-யில் எது, சிறப்புரிமை உள்ளதால் காட்டத் தேவையில்லையென்று பி-யில் எது என்று பிரிக்கத் தெரிந்தவருக்கு இங்கே தனி மதிப்பு. சட்டத்தரணி கட்சிக்காரருக்கு எழுதிய கடிதம் ஏ-யில் போய் எதிர்த்தரப்பின் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. வழக்கு மன்றுக்குப் போகுமுன் எதிர்த்தரப்பு கேள்வி கேட்கும் வாய்மொழி விசாரணையில், பிறகு தருவதாக ஒப்புக்கொண்ட தகவல்களுக்கும் ஆவணங்களுக்குமான உறுதிமொழிகளுக்கு 60 நாட்களுக்குள் பதில் போக வேண்டும் என்பதால், அவற்றுக்கும் ஓர் அட்டவணை வைத்துக்கொள்வது கிளார்க்கின் பொறுப்பே.

பதில் – வாடகைவழக்கு

நான் உரிமம் பெற்ற பரலீகல். சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் எல்லை 2025 அக்டோபர் 1 முதல் 35,000 டொலரிலிருந்து 50,000 டொலராக உயர்ந்திருப்பதால், எங்களுக்கு வரக்கூடிய வழக்குகளும் கூடியிருக்கின்றன. பரீட்சையைப் பின்போடாதீர்கள், படித்தது நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது. லோ கிளார்க்காக வேலை செய்தாலும் உரிமம் கையில் இருப்பது குறையாகாது.

பதில் – மேசைக்கு மறுபக்கம்

ஆள் எடுக்கும் சட்டத்தரணி என்ற முறையில் எழுதுகிறேன். நேர்காணலில் பலம், பலவீனம் பற்றி நான் கேட்பதில்லை. ஒரு தாளையும் நாட்காட்டியையும் கொடுத்து ஒரு கணக்குப் போடச் சொல்வேன். உதாரணமாக, 2026 ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை, ஒன்ராறியோவில் எதிராளியிடம் வழக்குரைப் பத்திரம் நேரில் கையளிக்கப்பட்டது. எதிர்வாதப் பத்திரத்துக்கு 20 நாட்கள். கையளித்த நாளைச் சேர்க்காமல் எண்ணினால் பெப்ரவரி 16 வருகிறது. அது குடும்ப தினம், விடுமுறை. ஆகவே கடைசி நாள் 17. இதைச் சரியாகச் சொல்பவர்கள் சிலர் உண்டு. அதற்கும் மேலாக, "எதிர்வாதம் செய்யும் எண்ணத்தை அறிவிக்கும் படிவத்தை அவர்கள் இதற்குள் தாக்கல் செய்தால் இன்னும் 10 நாட்கள் கிடைக்கும்" என்று தானாகவே சொல்பவரை, வேறொரு நிறுவனம் அழைப்பதற்கு முன் நான் அழைத்துவிடுவேன்.

உங்கள் யாழ்ப்பாண அனுபவத்தைக் கட்டாயம் எழுதுங்கள், ஆனால் "சட்ட அலுவலக உதவியாளர்" என்று ஒற்றை வரியில் விட்டுவிடாதீர்கள். வழக்கேடுகளைத் தேடினீர்களா, சத்தியக்கடதாசி வரைந்தீர்களா, தவணைத் திகதிகளைக் குறித்துவைத்தீர்களா என்று செய்த வேலையைச் சொல்லுங்கள். தமிழ் தெரிவதும் இங்கே வெறும் அலங்காரம் அன்று. மகன் ஓட்டிய காரில் இருந்த தாய் காயப்பட்டால், மகனின் பிழை இருக்குமிடத்தில் வழக்கில் எதிராளியாக மகனின் பெயரும் வரும், பணம் கொடுப்பது பெரும்பாலும் காப்புறுதி நிறுவனமே என்றாலும், "பெற்ற பிள்ளைமேல் வழக்கா?" என்று அந்தத் தாய் எழுந்து போய்விடுவார். அதைப் பொறுமையாக விளங்கப்படுத்த வேண்டும். அதே நேரத்தில், தாயும் மகனும் ஒரே அலுவலகத்துக்கு வந்தால் நலன் முரண்பாடு எழும் என்பதைக் கோப்புத் திறப்பதற்கு முன்பே சட்டத்தரணியிடம் சொல்லவும் வேண்டும்.

புதுவரவு

அனைவருக்கும் மிக்க நன்றி. பரீட்சையை எழுதுவதென்று முடிவு செய்துவிட்டேன். இன்னொரு கேள்வி: சில இடங்களில் எழுத்து மாதிரி கேட்கிறார்கள். களப்பயிற்சியில் நான் வரைந்த கடிதம் ஒன்றைப் பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பலாமா?

மேசைக்கு மறுபக்கம்

அனுப்ப வேண்டாம். நம் சமூகம் சிறியது. விபத்து நடந்த சந்தியும் திகதியும் இருந்தாலே யாருடைய வழக்கென்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். வேறோர் அலுவலகத்தின் கோப்பிலிருந்து எடுத்த கடிதம் என் மேசைக்கு வந்தால், நாளை என் கோப்பு எங்கே போகும் என்றுதான் நான் யோசிப்பேன். கல்லூரியில் கற்பனை வழக்கொன்றுக்காக எழுதிய உரிமைகோரலை அனுப்பி, அது பயிற்சிக்காக எழுதப்பட்டது என்று மேலே ஒரு வரி குறிப்பிடுங்கள்.