28 மி.மீ. வாட்டர்லூ படை: எதற்கு முதலிடம்?

கேள்வி: மேசைப் போர் விளையாட்டுக்கு 28 மி.மீ. அளவுப் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். வாட்டர்லூ போரில் சண்டையிட்ட 1815 பிரிட்டிஷ் காலாட்படை, 24 பிளாஸ்டிக் வீரர்கள். சீருடைத் துல்லியமா, பெயின்டிங் நேர்த்தியா, எதில் அதிகம் மெனக்கெடணும்?

பதில் 1: சீரான தோற்றம்தாங்க முதல்ல. மேசையில் மூன்றடி தள்ளி நின்றால் முகம் தெரியாது. சிவப்புக் கோட்டும் வெள்ளைக் குறுக்குப் பட்டையும் பேஸும்தான் (பொம்மை நிற்கும் அடித்தட்டு) தெரியும். 24 பேருக்கும் ஒரு நிறத்தை முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்க. ஆனா காலர், கஃப் (சட்டைக் கைமுனை) நிறத்தில் சமரசம் வேண்டாம், ரெஜிமென்ட்டின் (படைப்பிரிவு) அடையாளமே அதுதான். ராயல் ரெஜிமென்ட்னா கருநீலம், 44-வது ரெஜிமென்ட்டுக்கு மஞ்சள்.

பதில் 2: பொம்மையை அச்சில் வார்த்தப்போ விழுந்த கோடுகளைப் பிரைமருக்கு (அடிப்பூச்சு) முன்னாடியே சுரண்டிடுங்க, பெயின்ட் ஏறினதும் பளிச்சுனு தெரியும். பிரைமர் ஸ்ப்ரே 20–30 செ.மீ. தூரத்தில். தள்ளிப்போனா காற்றிலேயே உலர்ந்து மணல் மாதிரி படியும்.

பதில் 3: கடைசியில் மேட் வார்னிஷ் (பளபளக்காத பாதுகாப்புப் பூச்சு) அவசியம். கை பட்டுப் பட்டு முதலில் பெயின்ட் உரிவது பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) முனையில்தான்.