லீமாவிலிருந்து பருத்தி ஆடை வரவழைப்பது எப்படி?

தேக்கா வணிகர்: சிங்கப்பூரின் தேக்காவில் ஆயத்த ஆடைக் கடை நடத்தும் நான், பெருவின் பீமா எனும் நீண்ட இழைப் பருத்தி ஆடைகளைத் தலைநகர் லீமாவிலிருந்து நேரடியாக வாங்க விரும்புகிறேன். யாரை முதலில் அணுகலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: லா விக்டோரியா வட்டாரத்திலுள்ள கமார்ரா வணிகப் பகுதியை நேரில் காணுங்கள், ஐயா. துணியும் நூலும் பொத்தானும் விற்போர், தையற்கூடம் நடத்துவோர் எல்லாரும் அங்கு அடுக்குமாடிக் கட்டடங்களில் நெருங்கி இயங்குவதால், மாதிரி கொடுத்துச் சிறு அளவில் தைத்து வாங்கவும் வழியுண்டு. பெரிய நிறுவனங்களையும் வங்கிகளையும் நாடினால் சான் இசிட்ரோ வட்டாரத்துக்குத்தான் செல்லவேண்டும். ஸ்பானிய மொழியறிந்த முகவர் கட்டாயம் தேவை.

மறுமொழி 2: சிங்கப்பூரில் ஆடைகளுக்குச் சுங்கத் தீர்வை இல்லை, பொருள் சேவை வரியைக் கணக்கில் சேருங்கள். லீமாவை அடுத்துள்ள கயாவோ துறைமுகத்துடன், லீமாவுக்கு வடக்கே 2024 நவம்பரில் திறக்கப்பட்ட சான்காய் துறைமுகத்தின் கட்டணத்தையும் சரக்கு முகவரிடம் ஒப்பிட்டுக் கேளுங்கள்.